காப்பு அவிழ்த்த விடியல்

தலவாக்கலை பஸாரில் ஒருநாள் விடிகாலையில் பாதிக் கடைகளுக்குக் கரண்ட் போனது. மழை என்றார்கள். மரம் விழுந்தது என்றார்கள். இரண்டும் இல்லை. பால் விடாத ஒரு கோப்பை பிளேன்டீ... ஊற்றப் பார்த்தவன் நான்.

சிரிங்க, சிரிங்க. வெங்காயத்தை மட்டும் விடாம உரிங்க. விடிந்தால் கல்யாணம், இன்னும் அரை மூட்டை கிடக்கிறது.

"பேய்க் கதை கேட்டா பழனி மாமா கரண்டு கதை சொல்றாரு" என்கிறான் மூக்கன்.

டேய், கதை முடிந்ததும் நீ மட்டும் தனியாகப் பைப்படிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வா. அப்புறம் பேசுவோம்.

மாசி மாதம். ஐந்து மணி இருக்கும். மேல்பிரிவு லயத்து வரிசை வீடுகளிலிருந்து பஸாருக்கு இறங்குகிற பாதை உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான். நடுவில் விளக்கு என்று ஒன்றும் கிடையாது. அன்றைக்குப் பனி அப்படி. நீட்டின கை தெரியவில்லை. செடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்... டொக்... டொக்... அதற்குப் பின்னால் என் செருப்புச் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. அதனால் அது என்னுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டு நடந்தேன். வேறு முடிவு எடுக்கத் தைரியம் இல்லை.

அந்த நேரத்தில் எவன் கடை திறப்பான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது நான் மகாலிங்கம் முதலாளியின் கொமினிகேஷன் கடையில் வேலை. போன் பேச ஒரு கூண்டு, போட்டோக் கொப்பி மெசின் ஒன்று, நடுவில் பலகை அடித்து மறைத்த நாலு கம்பியூட்டர். முதலாளி எப்போதாவது நுவரெலியாவிலிருந்து வருவார். மேசையில் விரலால் தடவித் தூசி பார்ப்பார். போய்விடுவார். மற்றபடி அந்தக் கடைக்கு ராஜா நான். ராஜாவின் ஸ்வெட்டரில் இரண்டு ஓட்டை.

அந்தக் கம்பியூட்டர்களில்தான் 'மாயக்கோட்டை' ஓடியது. டொரொன்டோவில் இருக்கிற விதுசன் என்கிற யாழ்ப்பாணத்துப் பையன் நடத்திய சேர்வர். வாள், கோட்டை, மந்திரவாதி, பறக்கிற பாம்பு. படம் குறைவு, எழுத்து அதிகம். ஆளுக்கொரு வேஷம், அந்த வேஷமாகவே எழுத வேண்டும். 'எனக்குத் தலைவலி' என்று எழுதினால் விரட்டிவிடுவார்கள். 'வீரனின் தலையில் இடி இறங்கியது' என்று எழுத வேண்டும். தமிழ் எழுத்து வராது, எல்லாம் இங்கிலீசு எழுத்தில் தமிழ். எனக்கு வாய்த்த இடம் அது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தந்த பொய்யெல்லாம் அங்கே கை தட்டு வாங்கித் தந்தது.

அந்த சேர்வருக்குச் சொந்தக் கதை கிடையாது. விளையாட வருகிறவர்களே ஆளுக்கொரு சாகசம், குவெஸ்ட் என்பார்கள், கட்டி, மற்றவர்களைக் கூட்டி நடத்துவார்கள். நடத்துகிறவன் எழுதினால் மழை பெய்யும். எழுதினால் பாலம் உடையும். அவனுக்கு எங்கள் பக்கத்துப் பையன்கள் வைத்த பெயர் 'கண்டாக்கு'. மலையில் நின்று வேலை வாங்குகிற கண்டாக்கையாவைக் கண்டால் என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைப்பார். அவர் பெற்ற பிள்ளை நான், கட்டாரில் இருக்கிறவனையும் கனடாவில் இருக்கிறவனையும் உட்கார்ந்த இடத்திலிருந்து மலை ஏற்றி இறக்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவெஸ்ட் தொடங்கினால் கண்டாக்கு எல்லாரையும் அவரவர் வேஷத்தோடு பூட்டுவான். அவன் திறந்துவிடும்வரை யாரும் குவெஸ்ட் நடக்கிற இடத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. அந்தப் பூட்டுக்கு நான் வைத்த பெயர் காப்பு. காமன் கூத்தில் கையில் காப்புக் கயிறு கட்டினவன் அதை அவிழ்க்காமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது இல்லையா... அதுதான்.

சரி. விடிகாலைக்கு வருகிறேன். விடிகாலை ஜெயதீபன் சேருக்காக.

நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். யாழ்ப்பாணம். நெட்டையான, ஒல்லியான மனுசன். குரங்குத் தொப்பி, அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேலும் குளிர். சம்சாரம் ரோகினி அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போனார். போன இடத்தில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவர் அங்கே, இவர் இங்கே. அக்கா வயிற்றில் தலைப்பிள்ளை.

போனில் பேசலாம். ஆனால் நடுவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கும் என்பார் சேர். புருசன் பெண்டாட்டி பேச்சை மூன்றாம் ஆள் கேட்டால் என்ன பேசுவது? அதனால் மாயக்கோட்டைக்குள் வந்தார்கள். ஒரு வில்லாளன், ஒரு கொல்லன் மகள். கோட்டைக்கு வெளியே ஒரு ஆற்றங்கரை இருந்தது, அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் விடிகாலை ஊரடங்குச் சட்டம் எடுத்த கையோடு, அக்கா பக்கத்து நெட் கடைக்கு ஓடி வருவார். அந்த நேரத்துக்கு நான் இங்கே கதவைத் தூக்க வேண்டும். தூக்கினேன். காசு கேட்டதில்லை. முதலாளிக்குச் சொன்னதுமில்லை.

அந்த மாசியில் சேருக்கு யாழ்ப்பாணம் போகிற கப்பலில் இடம் கிடைத்தது. திருகோணமலைக்குப் போய் ஏற வேண்டும். பிள்ளை பிறக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். மனுசன் கடைக்குள் வந்து சிரித்தார் பாருங்கள்... நான் அவர் பல்லை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"பழனி, அவள் என்ன பிள்ளை வேணுமெண்டு கேட்டாள். நான் சொன்னன், எதெண்டாலும் முதல்ல நான் தூக்கோணும் எண்டு."

சந்தோசத்துக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? ஊரில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருந்த நேரம். அந்தக் கூத்தையே ஒரு குவெஸ்ட்டாகக் கட்டினேன். சிவனின் தவத்தைக் கலைக்க மதன் கரும்பு வில்லை வளைப்பான். சிவன் கண்ணைத் திறப்பார். மதன் எரிவான். ரதி அழுது கேட்டு அவனை எழுப்புவாள். சேர் மதன், அக்கா ரதி, நான் சிவன். சின்ன வயதிலிருந்து கூத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேஷம் சிவனுக்குக் குடை பிடிக்கிறது. குடை பிடிக்கிறவனுக்கு வசனம் கிடையாது. ஆனால் எல்லார் வசனமும் மனப்பாடம். கடைசியில் எனக்கும் ஒரு சிவன் கிடைத்தது என்று வையுங்களேன்.

அன்றைக்குக் கடைக்குள் நாங்கள் இரண்டே பேர். சேர் இரண்டாவது மெசினில், நான் முன்னால் என் மேசையில். நடுவில் பலகை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் சடசடவென்று... காப்புக் கட்டினேன். மதன் அம்பு விட்டான். நான் எழுதினேன்: 'நெற்றிக் கண் திறந்தது. மதன் எரிந்தான்.'

பலகைக்கு அந்தப் பக்கம் சேரின் பல் குளிரில் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. பாவமாக இருந்தது. ரதி அழுது முடிப்பதற்குள் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுப்போமே என்று கெட்டிலைச் செருகினேன்.

டப்.

ஒன்றும் தெரியவில்லை. நாலு திரையும் ஒன்றாகப் போனது. வெளியே தெரு விளக்கும் போனது. மழை மட்டும். பிறகு ஒரு வாடை... ரப்பர் கருகின வாடை என்று நினைத்தேன். இல்லை. கூத்தில் மதனை எரிக்கக் காய்ந்த மானாப்புல்லை வைத்துக் கொளுத்துவார்களே, அந்த வாடை.

இருட்டுக்குள்ளிருந்து சேர் மெதுவாகச் சொன்னார்.

"பழனி... சுடுது."

"கெட்டில்ல கை வெக்காதீங்க சேர்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கெட்டில் என் கையில் இருந்தது.

பிறகு நெருப்புக்குச்சி கிழித்தேன். சேர் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். "ஏதோ நினைப்பிலை சொல்லிப்போட்டன்" என்றார். மெயின் போர்டு கருகி, சுவர் கறுத்துப்போயிருந்தது. ஹட்டனிலிருந்து ஆள் வந்தால்தான் சரியாகும் என்றார்கள். பஸாருக்கு மத்தியானம் கரண்ட் வந்துவிட்டது, எங்கள் கடைக்கு மட்டும் இல்லை. முதலாளி போனில் என் பரம்பரையையே விசாரித்தார்.

மதன் எரிந்தான். நான் அவனை எழுப்பவில்லை, காப்பையும் அவிழ்க்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. விளையாட்டுத்தானே.

அடுத்த நாள் காலை பஸ் நிறுத்தத்தில் சேரைப் பார்த்தேன். கைப்பெட்டி, மப்ளர். கப்பலுக்குப் புறப்பட்டுவிட்டார். நல்ல குளிர். நிறுத்தத்தில் நின்ற எல்லார் வாயிலிருந்தும் புகை. கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைங்க வாயில் புகை, பால்காரர் வாயில் புகை, அவருடைய மாட்டுக்கும் புகை. நான் பேசினேன், புகை வந்தது. சேர் பேசினார்.

வரவில்லை.

நன்றாகப் பார்த்தேன். "அக்காவுக்கு ஏதும் கொண்டு போறீங்களா சேர்?" என்று சும்மா கேட்டு மறுபடி பேச வைத்தேன். "தேயிலைதான். வேறென்ன இஞ்ச இருக்கு?" என்றார். வாய் அசைந்தது. குரல் வந்தது. புகை... இல்லை.

"மாமா..." என்கிறான் மூக்கன்.

என்னடா? உரி, உரி.

பஸ் ஏறிப் போனார். பத்து மணிக்குப் பஸாரில் திரும்ப நின்றார். ஹட்டன் பாதையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டதாம். சரி, பஸ் என்றால் நிற்கும். மத்தியானம் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டேன். நானே பெட்டியைத் தூக்கி வைத்தேன். மனுசன் ஜன்னலோரம் உட்கார்ந்து கண் அயர்ந்திருக்கிறார். விழித்துப் பார்த்தால் பலகையில் தலவாக்கலை என்று எழுதியிருக்கிறது. முன்னால் எங்கேயோ மண் சரிந்து ரயிலைத் திருப்பிவிட்டார்களாம். மலைநாட்டு ரயில் திரும்பி வருவது ஒரு அதிசயமா? வாடகைக்கு வான் வண்டி ஒன்று பிடித்தோம். டயர் போனது. அதே பாலம். அதே இந்தப் பக்கம்.

அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரிந்தது. அறைக்குள் மானாப்புல் வாடை. என்னைப் பார்த்து, கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"பழனி, காப்பு அவிழ்க்காட்டி எல்லை தாண்டேலாது எண்டு நீர்தானே சொன்னீர்?"

"அது கூத்துக்கு சேர்... சும்மா விளையாட்டுக்கு..."

"எனக்கு இதில நம்பிக்கை இல்லை. உமக்குத் தெரியும்தானே. ஆனா அவளுக்கு நாள் கிட்டுது. கப்பலும் போகப்போகுது." கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். "அவிழ்த்து விடும் தம்பி."

அதுவரை என்னைத் தம்பி என்று சொன்னதே இல்லை அவர்.

மறுநாள் ஹட்டனுக்கு ஓடினேன். அங்கே ஒரு நெட் கடை. நான் பாலத்தைத் தாண்டினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவனுக்குக் காப்பு கிடையாது போலிருக்கிறது. மாயக்கோட்டைக்குள் போனேன். என் கூத்துப் பொட்டல் அப்படியே கிடந்தது. நடுவில் எழுத்து: 'மதன் எரிந்து கிடக்கிறான்.' சரி, அது நான் எழுதினது.

அதற்குக் கீழே இன்னும் இருந்தது.

'குளிருது.'

அதற்குக் கீழே, 'குளிருது.' அதற்குக் கீழேயும். திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

சேரை அடுப்பு முன்னால் கம்பளிக்குள் விட்டுத்தான் வந்திருந்தேன். அவர் அறையில் கம்பியூட்டர் இல்லை. கையிலிருந்த போனில் பேசத்தான் முடியும். விதுசனுக்கு எழுதினேன். நல்ல வேளை, அந்தப் பையன் ராத்திரி தூங்குகிற சாதி இல்லை.

'தம்பி, மதன் வேஷத்துல யாரு எழுதுறா? எங்கேருந்து வருதுன்னு பாருங்க.'

தேடிப் பார்த்திருக்கிறான். பிறகு: 'என்ன அண்ணை பகிடியே? உங்கட கடையிலிருந்துதான் வருது. ரெண்டாவது மெசின்.'

எங்கள் கடையில் கரண்ட் இல்லை. கதவில் பூட்டு. சாவி என் சட்டைப் பையில், தொட்டுப் பார்த்தேன், இருந்தது.

'நீங்களே தெறந்து விட்டுருங்க' என்று எழுதினேன்.

'முயற்சி பண்ணிட்டன். என்னால ஏலாம இருக்கு. கண்டாக்குதான் திறக்கோணுமாம்.' அதற்குப் பிறகு ஒரு சிரிக்கிற முகம் போட்டான். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் கோபம்.

அங்கேயே திறந்திருக்கலாமே என்பீர்கள். நானும் பார்த்தேன். திறக்கவில்லை. நான்தானே குவெஸ்ட்டைக் கட்டினேன், நான் வைத்த விதிதானே... ரதி இருந்து கேட்க வேண்டும், மதன் அதே இடத்தில் இருக்க வேண்டும். ரதி அந்த நேரத்துக்கு வர முடியாது. மதன் இருக்கிற இடம் தலவாக்கலை, இரண்டாவது மெசின்.

லெட்சுமி அக்கா, அந்தக் கதவைச் சாத்துறதுன்னா சாத்திடுங்க. காத்துத்தான். ஒன்றுமில்லை.

ஹட்டனிலிருந்து கரண்ட் வேலைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். காலில் விழாத குறை. அவர் சாயங்காலம் முழுக்க வேலை செய்து கடைக்குக் கரண்ட் கொடுத்தார். போகும்போது கேட்டார், "அந்த ரெண்டாவது கதிரையில யாருங்க உக்காந்திருந்தது? ஈரமா இருக்கு." மழைதான் ஒழுகியிருக்கும் என்றேன். மேலே பார்த்தார். தகரத்தில் ஓட்டை இல்லை. காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விடிகாலை. சேரைக் கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தேன். மழை இல்லை, பனி. எங்கள் இரண்டு பேர் செருப்புச் சத்தமும் கேட்டது. கூடவே மூன்றாவதாகவும்... நான் எண்ணவில்லை. உள்ளே வந்து கதவை இறக்கி, பூட்டினேன். சேரை அவர் கதிரையில் உட்கார வைத்து, பிளேன்டீயை முதலிலேயே ஊற்றி, சூடாகப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தரம் பட்டால் போதாதா?

ரதி வந்தாள். வந்தவுடனே எழுதினாள்: 'அவருக்கு ஏன் குளிருதாம்? நெடுகக் குளிருது குளிருது எண்டு எழுதிக் கிடக்கு. சுகமில்லையே?'

'அக்கா, கேள்வி பொறவு. மொதல்ல அழுங்க. ரதி மாதிரி அழுது கேளுங்க' என்றேன்.

பிறகு எழுத்து வந்தது. ரதி வசனம் நான்தான் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தேன். 'முக்கண்ணா, முதல்வா' என்று தொடங்கும். அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

'என்ர மனுசனைத் தாருங்கோ. நான் கேக்கிறது பெரிய வரமில்லை. ராத்திரி முழுக்க ஷெல் சத்தம். அம்மாவும் நானும் மேசைக்குக் கீழ கிடந்தனாங்கள். பிள்ளை பிறக்கேக்க அவர் எனக்குப் பக்கத்தில நிக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம். எப்பிடியெண்டாலும் சரி, இஞ்ச வந்து நிக்கட்டும்.'

எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் சேர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் சிவன். சிவன் பேச வேண்டிய நேரம். வருசா வருசம் குடை பிடித்துக்கொண்டு கேட்ட வசனம். யோசிக்கவே இல்லை, விரல் தானாக ஓடியது.

'எழுந்திரு மதனா. ரதி கேட்டாள், உயிர் தந்தேன். அவளிடம் போ. இனி அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவாய்.'

தட்டிவிட்டேன்.

தட்டின பிறகுதான் வாசித்தேன்.

கூத்தில் அப்படித்தான் முடியும். எரிந்த உடம்பு எரிந்ததுதான். திரும்பி வருகிறவன் ரதிக்கு மட்டும் தெரிவான், ஊருக்குத் தெரிய மாட்டான். உங்கள் எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்கும் தெரியும். எழுதும்போது எனக்கு மட்டும் தெரியவில்லை.

"சேர்," என்றேன். "காப்பு அவுந்துருச்சி சேர்."

கிரீச்... என்று ஒரு சத்தம். சுழல்கிற கதிரை. கிரீச்... கிரீச்... மெதுவாகி, நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் பிளேன்டீ, தொடாமல், ஆவி பறந்துகொண்டு. குரங்குத் தொப்பி தரையில். கதவு இறக்கினபடி. பூட்டு உள்பக்கம். சாவி என் பையில்.

நான் கத்தினேனா என்று கேட்காதீர்கள். பக்கத்து பேக்கரிக்காரர் வந்து கதவைத் தட்டினார் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேடினேன். அவர் எங்கே என்று கேட்டேன். எத்தனை பேரிடம்! பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், "கப்பலுக்குப் போறேன்னு லீவு எழுதிக் குடுத்திருக்காரே, போயிருப்பாரு" என்றார். பெட்டி அறையில் கிடக்கிறதே என்றேன். "நம்ம வேலையப் பாப்போம் தம்பி, காலம் சரியில்ல" என்று கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். பொலிசுக்குப் போனேன். என் சிங்களத்தில் பாதியும் நடிப்பில் பாதியுமாகச் சொன்னேன். "அவர் உனக்கு யார்? உன் அடையாள அட்டையைக் காட்டு" என்று என்னையே அரைநாள் உட்கார வைத்தார்கள். கூத்து வாத்தியார் கந்தப்பனிடம் போனேன். அவரிடம் மட்டும் முழுசாகச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பினார். "மழ வரும் போலருக்கு, துணி காயுது" என்று எழுந்து போய்விட்டார். கொடியில் துணியே இல்லை.

விதுசனுக்கு எழுதினேன். 'மதன் இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறான் அண்ணை. ஆனா எந்த இடமெண்டு எனக்குக் காட்டுதில்லை. சேர்வரில ஏதோ பிழை, திருத்துறன்' என்றான். இந்தத் தரம் சிரிக்கிற முகம் போடவில்லை. அடுத்த வாரம் சேர்வரையே மூடிவிட்டான்.

கப்பல் கம்பெனிக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெயரில் யாரும் ஏறவில்லை என்றார்கள். ஏறாதவர் எங்கே போனார் என்று நான் கேட்க, வைத்துவிட்டார்கள்.

ரோகினி அக்காவுக்கு எடுத்தேன். லைன் இல்லை. தினமும் எடுத்தேன். விடிகாலை கடையைத் திறந்து எடுப்பேன், மத்தியானம் எடுப்பேன், பூட்டும்போது எடுப்பேன். டூ... டூ... டூ... என்று மட்டும் வரும். என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. உங்கள் புருசனைத் தொலைத்துவிட்டேன் அக்கா, ஒரு வரி கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்றா? சாப்பாடு இறங்கவில்லை. சிரிக்காதீங்க, இந்த உடம்புக்கு அது பெரிய விசயம்.

பங்குனி முடியப் போகிற நேரம். பஸாரில் நல்ல வெயில், பட்டப்பகல். கடையில் ஆள் நிறைய. போன் அடித்தது. எடுத்தேன். தூரத்துச் சத்தம், காற்று மாதிரி. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"தம்பி பழனியே? ரோகினி அக்கா கதைக்கிறன்."

கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா... பிள்ள..."

"ஓம், பெட்டைப்பிள்ளை. சுகமாக் கிடக்கிறாள். அப்பிடியே அவற்ர மூக்கு." அக்காவின் குரல் சாதாரணமாக இருந்தது. கடைக்குச் சாமான் வாங்க வந்தவர் பேசுகிற மாதிரி. "மழையே அங்க?"

"இல்லக்கா, வெயிலு." நான் அழுதுவிட்டேன். "அக்கா, சேரக் காணோம். எல்லாத்துக்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் ஒழுங்கா ஒரு பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா? அவரு எங்க?"

அந்தப் பக்கம் எங்கேயோ தள்ளி வாளி ஒன்று கல்லில் இடிபட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நின்றது. மறுபடி ஊற்றுகிற சத்தம்.

"இஞ்சதான் நிக்கிறார் தம்பி," என்றார் அக்கா. "பிள்ளை பிறக்கேக்கயும் பக்கத்தில நிண்டவர். எனக்குத் தெரியுது, வேற ஒருத்தருக்கும் தெரியேல்லை. பிள்ளையைத் தா, தூக்கப்போறன் எண்டு கையை நீட்டினார். நான் குடுக்கேல்லை... ரெண்டு கையும் ஒரே சாம்பல். கழுவிப்போட்டு வாங்கோ எண்டு சொன்னன். அண்டைக்குப் போனவர், கிணத்தடியில நிண்டு இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார். சாம்பல் போகுதில்லை."